சொன்னதாகச் சொன்னவர்

தனக்குப் பசிக்கிறது என்று மினிட்ஸ் சார் சொல்லி நான் கேட்டதில்லை. "நேரத்துக்குச் சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாராக்கும்" என்பார். உட்காருவார். டாக்டர் சொன்னதற்காகவே இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிடுவார். பாயசம் வரும்போது மட்டும் டாக்டரை விட்டுவிட்டு மாமனாரைப் பிடித்துக்கொள்வார். இலையில் வைப்பதை வேண்டாம் என்று தள்ளக் கூடாது என மாமனார் எப்போதோ சொன்னாராம். மாமனார் காலமாகி வெகுநாள் ஆகியும் பாயச விஷயத்தில் அவர் பேச்சைத் தட்டாத மருமகன்.

மலையாள நாட்டுத் தலைநகரில், கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி நடந்தால் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் ஹோட்டல். முதலாளி நாகர்கோவில் பக்கத்துக்காரர், எங்களுக்கு அண்ணாச்சி. நான் திருநெல்வேலிப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. சப்ளையராகச் சேர்ந்த புதிதில், "ரெண்டு நெய்ரோஸ்ட்" என்று உள்ளே பார்த்துக் கூவ வேண்டும் என்றார்கள். எனக்குக் கூச்சம். மாஸ்டர் காதருகே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். சாம்பார் வாளியோடு நடக்க வாய் தேவையில்லை என்று கண்டுபிடித்து அண்ணாச்சி என்னை அதிலேயே வைத்துவிட்டார். இன்றுவரை அதுதான் என் வேலை.

மினிட்ஸ் சார் கோட்டைக்குள் ஒரு தெருவில் குடியிருந்தார். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய அதிகாரிகள் கூட்டம் போடும்போது மூலையில் உட்கார்ந்து, யார் யார் என்ன பேசினார்கள் என்று இங்கிலீஷில் எழுதி வைப்பது அவர் வேலை. அந்த எழுத்துக்கு மினிட்ஸ் என்று பெயராம். அப்படித்தான் அவருக்கு இந்தப் பெயர் வந்தது. சேர்மன் கவனிப்பதாகச் சொன்னார், செயலாளர் விசாரிப்பதாகச் சொன்னார், எஞ்சினியர் முடிப்பதாகச் சொன்னார். சர்வீஸ் முழுவதும் இதையே எழுதியவர். எவராவது கவனித்தாரா, விசாரித்தாரா, முடித்தாரா என்பது அவர் இலாகா இல்லை.

கோட்டைக்குள் இருக்கிற கோயிலின் கோபுரத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வெள்ளைக்காரர்கள் காபிக்கு எங்கள் ஹோட்டலுக்கு வருவார்கள். விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை தொடங்கிய பிறகு வெளியூர் எஞ்சினியர்களும் வர ஆரம்பித்தார்கள். அண்ணாச்சிக்கு ஆசை வந்தது.

"எல்லாவனும் இங்கிலீஷ் படிக்கணும்டே" என்றார். "சாரே, நீங்க சொல்லிக் குடுங்க. மதியச் சாப்பாடு நம்ம கணக்கு."

"சொல்லிக் கொடுக்கலாம்னு ஒரு அபிப்பிராயம் எனக்கும் எட்டியிருக்கு" என்றார் மினிட்ஸ் சார். அவருடைய சொந்த அபிப்பிராயம்கூட எங்கேயோ சுற்றிவிட்டுத்தான் அவருக்கு எட்டும்.

மதியக் கூட்டம் ஓய்ந்து சாயங்காலப் பலகாரம் தொடங்குவதற்கு முன்னால் வகுப்பு. வாசலில் ஸ்பெஷல் எழுதி வைக்கும் கரும்பலகையை உள்ளே தூக்கி வருவோம். இடது பக்கம் வில், கேன், மே என்று எழுதுவார். வலது பக்கம் வுட், குட், மைட். நடுவில் செட்.

"செட்னா சொன்னார்னு அர்த்தம். இதை ஒரு படின்னு வச்சுக்கோங்கோ. ஒருத்தன் ‘வருவேன்’னு சொல்றச்சே வில். அதை நீ இன்னொருத்தர்கிட்ட, அவன் வருவேன்னு சொன்னான்னு சொல்லணும்னா செட் வந்தாச்சு. உடனே வில் படியிறங்கி வுட் ஆகணும். ஹி செட் தட் ஹி வுட் கம். வில் சூடாக்கும், கேட்டியா. பேப்பர்ல ஏறும்போது ஆறியிருக்கணும்."

ஆறியதை நாங்கள் திரும்பச் சூடாக்கி விற்போம். ஆபீஸில் ஆறியதற்கு முத்திரை குத்தி அனுப்புவார்கள் போலிருக்கிறது.

செல்விதான் சந்தேகம் கேட்பாள். வள்ளியூர்க்காரி. எங்கள் ஹோட்டலில் காய் நறுக்குவாள், சாப்பிட்ட இலை எடுப்பாள், மேஜை துடைப்பாள். புருஷன் இல்லை. மகளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள்.

"சார், வருவேன்னு சொன்னவன் வராட்டா?"

"வராட்டாலும் வுட் தப்பாகாது. வருவேன்னு அவன் சொன்னதைத்தானே நீ சொன்னாய்? அதாக்கும் அதோட அழகு."

"மஸ்ட்டுன்னு ஒண்ணு என் மக புஸ்தகத்துல இருக்கே. அதுவும் படியிறங்குமா?"

"மஸ்ட் இறங்காமலும் நிக்கும். ஆனா நீ அதுக்கு வெசனப்பட வேண்டாம். என் சர்வீஸ்ல ஒரு மீட்டிங்லயும் ஒருத்தரும் மஸ்ட் சொல்லி நான் எழுதினதில்லை."

"அது கிடக்கட்டும். வாறவங்ககிட்ட ‘என்ன வேணும்’னு கேக்கதுக்கு என்ன சொல்லணும்?"

"அது டைரக்ட். டைரக்ட் பின்னால வரும்" என்றார்.

பின்னால் வரவில்லை. மாதக்கணக்கில் நாங்கள் செட்டைத் தாண்டவே இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒப்படைப்பதுதான் இங்கிலீஷ், அதில் நம் சொந்தச் சரக்கைச் சேர்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. பலகையை யாரும் ஒழுங்காகத் துடைப்பதும் இல்லை. சாயங்காலம் அது பஜ்ஜி, போண்டா, மைட், உளுந்துவடை என்று வாசலில் நிற்கும். உள்ளே வந்த ஒருவர் மைட் ஒரு பிளேட் கேட்டார். தீர்ந்துவிட்டது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

படிப்பு வீண் போகவில்லை. சாம்பார் காரமா என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் கேட்டதற்குச் செல்வி, "தி குக் செட் தட் இட் மைட் பி ஸ்பைசி" என்றாள். பிழையே இல்லாத வாக்கியம். சமையல்காரரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. பூரி இருக்கிறதா என்று கேட்ட எஞ்சினியருக்கு, பூரி இருக்கும் என்று முதலாளி சொன்னதாக அழகான இங்கிலீஷில் பதில் கிடைத்தது. எப்போது என்று அவர் கேட்டார். எப்போது என்பது எங்கள் பாடத்தில் இல்லை. நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தோம். எங்கள் ஆபீஸில்கூட இவ்வளவு சுத்தமாகப் பதில் சொல்ல ஆள் இல்லை என்று அவர் மெச்சினார்.

இந்தப் பட்டணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இங்கிலீஷ் கிடையாது என்று எனக்கும் தோன்றியது. எந்த ஆபீஸில் போய் நின்றாலும், "சார் இப்ப வரும்னு பறஞ்ஞு" என்று மலையாளத்தில் அதே ‘சொன்னார்’தானே பதிலாக வருகிறது. நாற்காலியில் சட்டை மட்டும் தொங்கும்.

ஒருநாள் சாரின் மனைவி அவரைத் தேடிக்கொண்டு ஹோட்டலுக்கு வந்தார். நாங்கள் மாமி என்போம். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வந்தவர், அண்ணாச்சி ஒரு காபி கொடுத்ததும் மற்றதையும் சொல்லிவிட்டார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து என்னைப் பிடிச்சிருக்குன்னு இவர் வாயால வந்ததில்லை, கேட்டேளா. ‘நீ நல்ல மாதிரின்னு அண்ணா சொன்னான்’ அப்படிம்பார். அந்த அண்ணாவோட குடித்தனம் பண்ணியிருந்தாலாவது நாலு நல்ல வார்த்தை கேட்டிருப்பேன்."

மினிட்ஸ் சார் சிரித்தார். "மாமி சொன்னதைக் குறிச்சுக்கோங்கோ. பயிற்சிக்கு ஆகும்" என்றார்.

இத்தனை தூரம் அவரைக் கேலியாகச் சொல்லிவிட்டேன். கெட்ட மனுஷர் இல்லை. சாம்பார் ஊற்றும்போது என் முகத்தைப் பார்த்து, "சுடலை" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் "சாம்பார்". அதனால்தான் அன்று நடந்தது இன்னும் உறுத்துகிறது.

எங்களிடம் வழக்கமாகச் சாப்பிட வரும் மலையாளக் காண்ட்ராக்டர் ஒருவர் உண்டு. விரலில் பெரிய சிவப்புக்கல் மோதிரம் போட்டிருப்பார். அதில் எச்சில் படக் கூடாது என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். ஆகவே சாப்பிடும் முன் கழற்றி இலையின் நுனியில், உப்புக்குப் பக்கத்தில் வைப்பார். எச்சில் படக் கூடாத மோதிரத்தை எச்சில் இலையில் வைக்கலாமா என்று ஜோசியரிடம் கேட்க மறந்துவிட்டார்.

அன்று நல்ல மதியக் கூட்டம். காண்ட்ராக்டர் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் போன் வந்தது. இடது கையில் போனைப் பிடித்துக் கத்திக்கொண்டே வலது கையால் இலையை மடக்கிவிட்டுக் கைகழுவப் போனார். செல்வி இலையை எடுத்துக்கொண்டு போனாள். கையைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தார்.

"எவிட என் மோதிரம்?"

மேஜையில் இல்லை. கீழே இல்லை.

"டம்ளர் பக்கத்துல வச்சதாக்கும். எனக்கு நல்ல ஓர்மையுண்டு. எடி, நீதானே இங்கே நின்னது?"

"நான் இலையத்தான் எடுத்தேன் சார். மோதிரத்தை நான் பாக்கவே இல்லை."

"பின்னே அது நடந்து போயோ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ஒரு பக்கம் நல்ல வாடிக்கையாளர், மறுபக்கம் செல்வி. எந்தப் பக்கம் சாய்வது என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"மடியில எங்கயாவது விழுந்து கிடக்கான்னு பாரு பிள்ளே."

செல்வி இடுப்புச் சொருகலைப் பிரித்து, முந்தானையை உதறிக் காட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு துண்டு வெண்டைக்காய்க் காம்பு விழுந்தது.

"ஸ்டேஷனுக்கு விளிக்கட்டா?" என்று காண்ட்ராக்டர் போனை எடுத்தார்.

"விளிங்க சார். கள்ளின்னு பேரு வாங்கிட்டு நான் எந்த ஊருக்குப் போறது? எம் பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போவா?" அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

எதிர் மேஜையில் மினிட்ஸ் சார் மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், டம்ளருக்குள் பார்த்துச் சொன்னார்.

"சுடலை. மோதிரம் இலைக்குள்ள போயிருக்கலாம்னு ஒரு அபிப்பிராயம் உண்டு."

"யார் அபிப்பிராயம் சார்?"

"இலையை மடக்கறச்சே நுனியில இருந்ததும் சேர்ந்து மடங்கித்துன்னாக்கும்."

"நீங்க பாத்தீங்களா?"

அவர் ஒரு வாய் மோர் குடித்தார்.

"அப்ப சொல்லுங்க சார். பெட்டி ஆட்டோ வந்துரும்."

எச்சில் இலைகளை மாடு வளர்க்கிற ஒருவர் மதியம் பெட்டி ஆட்டோவில் அள்ளிக்கொண்டு போவார். பின்பக்கச் சந்தில் அந்த ஆட்டோவின் சத்தம் அப்போதே கேட்டது. அது போய்விட்டால் மோதிரம் போயிற்று. மோதிரம் போனால் செல்வி கள்ளி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்பே போதும்.

"நீ சொல்லேன்" என்றார் சார் மெதுவாக. "நீ சொன்னா, சுடலை அப்படிச் சொன்னான்னு நானும் சொல்லலாம்."

எனக்குக் கோபம் வந்ததா, பயம் வந்ததா என்று தெரியவில்லை. கூவத் தெரியாத என் தொண்டையில் அவர் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு மாதிரி வாக்கியம்தான் இருந்தது. அதைத் தமிழில் எடுத்துவிட்டேன்.

"மோதிரம் இலைக்குள்ள மடங்கிப் போச்சுன்னு சார் சொன்னாரு!"

அந்த ஹோட்டலில் நான் போட்ட முதல் சத்தம் அது. அடுக்களையிலிருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏது சாரு?" என்றார் காண்ட்ராக்டர்.

நான் கரண்டியால் காட்டினேன்.

மினிட்ஸ் சார் டம்ளரைக் கீழே வைத்தார். ஊரில் உள்ள எல்லோரையும் சொன்னார் சொன்னார் என்று எழுதியவர். அவரையே ஒருவன் சொன்னார் என்று சொல்லிவிட்டான். கூடமே அவரைப் பார்த்தது. அவர் வாசலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். டாக்டர் அங்கே இல்லை. மாமனார் இல்லை. சேர்மனோ செயலாளரோ எங்கள் ஹோட்டலுக்கு வருகிறவர்கள் இல்லை.

"அப்படி ஒரு..." என்று தொடங்கினார்.

செல்வி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "சார், நீங்க பாத்தீகளா இல்லியா?"

"பார்த்தேன்" என்றார்.

தமிழில் அவ்வளவு போதும். நான் என்பது அந்தச் சொல்லின் வாலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒளித்து வைக்க இடமில்லை.

நான் வாளியை வைத்துவிட்டு ஓடினேன். ஆட்டோ கிளம்பிவிட்டிருந்தது. சந்தின் திருப்பத்தில் ஒரு பூக்கூடைக்காரி குறுக்கே வந்ததால் நின்றது. மறுபடி கிளம்புமுன் கையைக் காட்டி மறித்தேன். ஏற்றியிருந்த இலைகளைச் சந்திலேயே கொட்டினோம். செல்வி உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகப் பிரித்தாள். காண்ட்ராக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்று, "என் இலையில பாவக்காய் மிச்சம் உண்டாகும்" என்று வழிகாட்டினார். பாவக்காய் ஒதுக்கப்பட்ட இலைதான். பிரித்ததும் சிவப்புக்கல் புளிசேரிக் குழம்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"கிட்டியில்லே?" என்றார், தானே தேடிக் கண்டெடுத்ததுபோல.

"என்னைக் கள்ளின்னு சொன்னீங்களே சார்" என்றாள் செல்வி.

"கள்ளின்னு நான் பறஞ்ஞில்லல்லோ. எடுத்திருக்கலாம்னுதானே சொன்னது."

எங்கள் வகுப்புக்கு ஒருநாள்கூட வராதவர். பாடம் முழுவதையும் எங்களைவிட நன்றாகப் படித்திருந்தார். மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

செல்வி கையைக் கழுவிவிட்டு நேராக மினிட்ஸ் சாரின் மேஜைக்கு வந்தாள். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"நான் இத்தனை பேரு முன்னால சேலைய உதறிக் காட்டிட்டு நிக்கேன். நீங்க பாத்துட்டு, மோர் குடிச்சிட்டு இருந்தீக."

அவர் காலி டம்ளரைப் பார்த்தார்.

"மோர் குடிக்கணும்னு டாக்டர் சொன்னாரோ?"

அவருடைய இலையை எடுத்துக்கொண்டு போனாள். மேஜையைத் துடைக்கவில்லை.

அதன் பிறகு சில நாள் அவர் வரவில்லை. பலகையை அண்ணாச்சியே ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். மைட் போய்விட்டது. செல்வி தன் மகளிடம் கேட்டு, ‘என்ன வேணும்’ என்பதை இங்கிலீஷில் படித்துக்கொண்டாள். ஒரு சாயங்காலத்தில் முடிந்த படிப்பு.

பிறகு ஒரு மதியம் சார் வந்தார். உட்காரவில்லை. செல்வி மேஜை துடைக்கும் இடத்துக்குப் போய் நின்றார்.

"மாமி சொன்னா... உங்கிட்ட மாப்பு கேட்கணும்னு."

செல்வி துடைப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "மாமி அன்னைக்கு இங்க இல்லையே சார்."

அவர் தலையை ஆட்டினார். போய்ச் சுவரோர மேஜையில் உட்கார்ந்தார். நான் சாம்பார் ஊற்றினேன். டாக்டர் பெயரைச் சொல்லி மறுபடி சோறு கேட்கவில்லை. பாயசம் வந்தபோது மாமனார் பெயரையும் எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்தார். இலையை மடக்கினார். பிறகு எழுந்து, மடக்கிய இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார்.

எங்கள் ஹோட்டலில் சாப்பிட்டவர்கள் இலையை எடுக்கும் வழக்கம் இல்லை. கூடத்தின் நடுவில் ரசம் அவர் வேட்டியில் சொட்டிக்கொண்டே வந்தது. இலைத்தொட்டி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்காமல் அடுக்களை வாசலில் முட்டி, திரும்பி, பின்கட்டில் கண்டுபிடித்துப் போட்டார். செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை, உதவவும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். வகுப்பைத் திரும்பத் தொடங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவரும் காசு கொடுத்துச் சாப்பிட்டார். மற்றதெல்லாம் பழையபடிதான். மழை வரும் என்று ரேடியோ சொன்னதாகச் சொல்வார், வயிறு சரியில்லை என்று மாமி சொன்னதாகச் சொல்வார். சாப்பிட்டதும் இலையோடு நடப்பார். புதிதாக வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தாங்களும் எடுக்க வேண்டுமோ என்று குழம்புவார்கள். வேண்டாம் என்று நான் கையைக் காட்டுவேன்.

பெங்களூரில் இருக்கும் மகன் வரச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு அவர் ஊரை விட்டுப் போனார். புறப்படுவதற்கு முன் கடைசியாக வந்து சாப்பிட்டார். இலையோடு எழுந்தவரை அண்ணாச்சி கல்லாவிலிருந்து மறித்தார்.

"சாரே, இன்னைக்காவது வச்சிட்டுப் போங்க. நாளும் நானும் பாக்கேன், நாணக்கேடா இருக்கு. இலையை எடுக்கணும்னு உங்ககிட்ட யாருதான் சொன்னா?"

சார் நின்றார். வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் கண் வாசலுக்குப் போயிற்று, சுவருக்குப் போயிற்று. பிறகு கையிலிருந்த இலைக்கே திரும்பி வந்தது.

"யாரும் சொல்லலை" என்றார்.

பின்கட்டை நோக்கி நடந்தார். செல்வி அவருக்கு முன்னால் போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.